ஈயம், லித்தியம், சோடியம், நிக்கல்-இரும்பு: மின்கம்பி எட்டாத வீட்டுக்கு எந்த பேட்டரி?

உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஒரு பேட்டரிக்குப் பசுமை முத்திரை குத்திவிட முடியாது. ஆயுள் முழுக்க அது எத்தனை யூனிட் கொடுக்கும், போட்ட மின்சாரத்தில் எவ்வளவு திரும்ப வரும், ஓய்ந்த பிறகு யார் எடுத்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இரவுத் தேவை 4 யூனிட் என்று வைத்துப் பார்ப்போம்.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் 8 யூனிட்டுக்குக் குறையாத கொள்ளளவு வேண்டும். 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி என்று போனால் எடை சுமார் 300 கிலோ. போட்டதில் 80 சதவீதம் அளவுக்குத்தான் கைக்கு வரும். இதன் பெரிய பலம் மறுசுழற்சி: ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக உருக்கித் திரும்ப எடுக்கலாம். ஆனால் அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டுத் திறந்தவெளியில் உருக்கும் இடத்துக்குப் போனால், அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் சேரும். முறையான ஆலை பழையதை எடுத்துக்கொள்ளும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே ஈயம் வாங்குங்கள்.

மேகமூட்டமான வாரங்களில் அரைகுறை சார்ஜில் கிடப்பதுதான் இதைக் கொல்வது. தட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிட்டால் எளிதில் கரையாது. மாதம் ஒருமுறை ஹைட்ரோமீட்டரால் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) எல்லா செல்லையும் பாருங்கள். ஒப்படர்த்தி அளவில் செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஈக்வலைசேஷன் சார்ஜ், அதாவது எல்லா செல்லையும் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ், கொடுங்கள். டிஸ்டில்டு வாட்டரை முழு சார்ஜுக்குப் பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. 3.2 வோல்ட் செல் 16, 100 ஆம்பியர்-மணி என்றால் 5.12 யூனிட், 80 சதவீதம் இறக்கினாலே தேவை தீர்ந்துவிடும். எடை 50 கிலோ அளவு, திரும்பி வருவது 95 சதவீதத்தை ஒட்டி, ஆயுள் 3,000 சுழற்சிக்கு (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) மேல். செல்லின் உச்ச வரம்பு 3.65 வோல்ட், தினசரி ஓட்டத்துக்கு 3.45, அதாவது மொத்தம் 55.2 வோல்ட் போதும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லின் எதிர்முனையான கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும், போன கொள்ளளவு திரும்பாது. பி.எம்.எஸ்-ஸில் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு அமைப்பு) குளிரில் சார்ஜைத் தடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கோபால்ட் இல்லாததே மறுசுழற்சியில் பலவீனம், பிரித்தெடுப்பவருக்கு லாபம் குறைவு. அதனால் போல்ட் போட்டு இணைத்த பேக்கே மேல். ஒரு செல் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

சோடியம்-அயனில் லித்தியமே வேண்டாம், இரு பக்கத் தகடும் அலுமினியமாகவே இருக்கலாம், குளிரையும் நன்றாகத் தாங்கும். அதே கொள்ளளவுக்கு எடை கூடும். உண்மையான தொல்லை வோல்ட்டேஜில் இருக்கிறது. பல செல்கள் 4 வோல்ட்டிலிருந்து 1.5 வரை சரிந்துகொண்டே போகும். 16 செல்லுக்கு அது 64-லிருந்து 24. சாதாரண 48 வோல்ட் இன்வெர்ட்டர் 40-ஐ ஒட்டியே நின்றுவிடுவதால் அடியில் இருப்பது எடுபடாமல் கிடக்கும். இன்வெர்ட்டரின் வோல்ட்டேஜ் எல்லையை முதலில் பாருங்கள், பேட்டரியைப் பிறகு.

நிக்கல்-இரும்பு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் திரும்ப வருவது சுமார் 65 சதவீதம்: 4 யூனிட் எடுக்க 6-க்கு மேல் போட வேண்டும், லித்தியத்துக்கு 4.2 போதும். அந்தக் கூடுதல் பேனலும் பொருள்தானே! 40 செல் அடுக்கு சார்ஜில் 66 வோல்ட்டைத் தொடும், தண்ணீர் நிறையக் குடிக்கும், ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். அமில பேட்டரிக்குப் பயன்படுத்திய ஹைட்ரோமீட்டரை இதில் விடவே கூடாது. ஒட்டியிருக்கும் அமிலமே காரக் கரைசலைக் கெடுத்துவிடும்.

தினமும் ஏறி இறங்கும் வீட்டுக்கு இன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட்டே எங்கள் தேர்வு. உறைகுளிர் இடத்தில், இன்வெர்ட்டர் ஒத்துவந்தால், சோடியம்.