ஆய்வேடு எழுத ஜோட்டெரோ: எல்லையோரத் தமிழ் மாணவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆதார நூல்களைச் சேர்த்துவைத்து மேற்கோளும் துணைநூற்பட்டியலும் போட்டுத் தரும் ஜோட்டெரோ மென்பொருளைப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஆய்வேடு முடிந்து துணைநூற்பட்டியல் மட்டும் பாக்கி இருக்கும் நேரம் அது. அப்போது ஏற்றினால் வெறும் தலைவலிதான். தலைப்பு உறுதியான முதல் மாதமே ஏற்றி, அத்தியாயம் பிரிக்கும் பலகையாக வைத்துக்கொண்டால் இதன் அருமை வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு பக்கம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்து, கடைசியில் தமிழில் எழுத வேண்டியவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஆந்திரத்தின் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் மலையாளம் என்று வரும் இடத்தில் தெலுங்கு என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

அடிப்படை விவரம் சுருக்கமாக. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வந்த இலவச மென்பொருள். மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நெட் இல்லாமலும் வேலை செய்யும். பிரவுசரில் கனெக்டர் என்ற சிறு பட்டனைச் சேர்த்துக்கொண்டால், திறந்திருக்கும் கட்டுரையின் விவரமும், கிடைத்தால் பிடிஎஃபும் ஒரே அழுத்தில் உள்ளே வந்துவிடும். ஆன்லைன் சேமிப்பு 300 எம்பி வரை இலவசம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ‘பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தமும் சித்தூர் வட்ட நெல் விவசாயமும்’ என்று ஒரு தலைப்பு வைத்துக்கொள்வோம் (தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட ஆற்றுநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் அது). எல்லோரும் முதலில் செய்கிற தப்பு, ‘புத்தகங்கள்’, ‘பத்திரிகைச் செய்திகள்’, ‘அரசு ஆவணங்கள்’ என்று ஃபோல்டர் மாதிரியான கலெக்‌ஷன் போடுவது. அது நூலகருக்குத் தேவையான பிரிவு, எழுதுகிறவருக்கு உதவாது. அத்தியாய வாரியாகப் போடுங்கள்: ‘01 ஒப்பந்தத்துக்கு முன்’, ‘02 ஒப்பந்தம்’, ‘03 மூலத்தறையும் கால்வாய்களும்’, ‘04 இன்றைய பயிர்முறை’. (மூலத்தறை என்பது சித்தூர் பக்கத்துத் தடுப்பணை.) முன்னால் இரண்டிலக்க எண் இருந்தால்தான் வரிசை கலையாது. ஒரே புத்தகம் இரண்டு அத்தியாயத்துக்கும் வேண்டுமென்றால் இரண்டிலும் இழுத்துப் போடலாம். பிரதி உண்டாகாது, பாட்டுப் பட்டியலில் ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இருக்கிற மாதிரிதான். விண்டோஸில் ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால், அது எந்தெந்தக் கலெக்‌ஷனில் கிடக்கிறது என்று நிறம் காட்டும்.

இப்படி இரண்டு மாதம் சேர்த்த பிறகு ஒவ்வொரு கலெக்‌ஷனையும் சொடுக்கி எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் 31, நான்காவதில் 3 என்று வந்தால் கதை புரிந்துவிடும்: நான்காம் அத்தியாயம் இன்னும் பிறக்கவே இல்லை. ஒன்று களத்துக்குப் போய்த் தரவு சேர்க்க வேண்டும், அல்லது அதை மூன்றாவதோடு சேர்த்துவிட வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின மாதம் கைடு (ஆய்வு நெறியாளர்) சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதை இது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. இன்னொரு அறிகுறியும் உண்டு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே பத்துப் புத்தகங்கள் கிடந்தால், நீங்கள் இரண்டு அத்தியாயம் என்று நினைப்பது உண்மையில் ஒன்றுதான்.

ஒவ்வொரு கலெக்‌ஷனிலும் தனிக் குறிப்பு ஒன்று போட்டு, முதல் வரியை ‘00’ என்று தொடங்குங்கள். தலைப்புப்படி அடுக்கும்போது அது மேலேயே நிற்கும். அந்தக் குறிப்பில் ஒரே வாக்கியம், கேள்விக்குறியோடு: இந்த அத்தியாயம் எதற்குப் பதில் சொல்கிறது? ‘மூலத்தறை: ஓர் அறிமுகம்’ என்பது கேள்வி ஆகாது. ‘மூலத்தறையில் திறக்கிற தண்ணீர் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர எது தடை?’ என்பது கேள்வி. கேள்வி எழுத வராத அத்தியாயம் தகவல் மூட்டையாகத்தான் முடியும். இதை ஜோட்டெரோ உங்களுக்காகச் செய்து தராது, இடம் மட்டும்தான் கொடுக்கும்.

செமினார் கட்டுரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். 3,000 சொல் என்றால் முன்னுரைக்கு 300, மூன்று பகுதிக்குத் தலா 800, முடிவுக்கு 300. பகுதிக்கு நாலிலிருந்து ஆறு ஆதாரம் போதும். மூன்று துணைக் கலெக்‌ஷன், மூன்று கேள்வி, அவ்வளவுதான்.

படிக்கும்போது கோடு போடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். உள்ளேயே பிடிஎஃப் படிப்பான் இருக்கிறது, எட்டு நிறம் தருகிறது. எட்டையும் பயன்படுத்துகிறவர்கள் ஒரு வாரத்தில் எந்த நிறம் எதற்கு என்று மறந்துவிடுகிறார்கள். நாலு போதும்: அப்படியே மேற்கோள் காட்ட மஞ்சள், புள்ளிவிவரத்துக்கு நீலம், மறுக்க வேண்டிய கருத்துக்குச் சிவப்பு, ஆய்வுமுறைக்குப் பச்சை. பிறகு அந்தப் பதிவை வலச்சொடுக்கி, கோடிட்டவற்றிலிருந்து குறிப்பு உண்டாக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், எல்லா வரியும் மேற்கோள்குறிக்குள், பக்க எண்ணோடு ஒரே குறிப்பாக இறங்கும். வேர்டில் உள்ள ஜோட்டெரோ பட்டியலில் குறிப்பைச் சேர்க்கும் பட்டன் தனியாக இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தக் குறிப்பு மேற்கோள் இணைப்புகளோடு அத்தியாயத்துக்குள் வந்து உட்காரும். வெற்றுப் பக்கத்தைப் பார்த்து மலைத்து உட்கார்ந்திருப்பதற்கு இது நல்ல மருந்து.

அந்த மேற்கோள்குறிகளை அழகுக்காக நீக்கிவிடாதீர்கள். 2018-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். உரிய ஆதாரத்தோடு மேற்கோளாகக் காட்டியது அந்தக் கணக்கில் சேராது. குறி போய்விட்டால் அதே வரி திருட்டாகிவிடும்.

பக்க எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய நூலில் அட்டை, பதிப்புரை, பொருளடக்கம் எல்லாம் முன்னால் இருக்கும். பிடிஎஃபின் 27-ஆவது பக்கம் அச்சு நூலில் 11 ஆக இருக்கலாம். கவனிக்காவிட்டால் எல்லா மேற்கோளும் 16 பக்கம் தள்ளிப்போகும், வைவாவில் ஒரே ஒரு மேற்கோளைப் புரட்டிப் பார்த்தால் போதும், மாட்டிக்கொள்வீர்கள். முதல் கோடு போட்டதுமே பக்க எண்ணைத் திருத்தி, ‘இந்தப் பக்கத்துக்குப் பிறகு எல்லாவற்றுக்கும்’ என்ற வாய்ப்பைக் கொடுத்துவிடுங்கள்.

தமிழில்தான் இது திணறுகிறது, அதையும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு எண்) கொடுத்துத் தமிழ் நூலைத் தேடினால், கிடைத்தாலும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலேயும் கீழேயும் கோடும் புள்ளியுமாகத்தான் தலைப்பு வந்து நிற்கும். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களின் பாணி அது. எல்லாவற்றையும் தமிழில் தட்டச்ச வேண்டும். பழைய பதிப்புகளுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது, கையால் ஏற்றுவதுதான் வழி. புத்தகத்துக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர். குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் எங்கே? ‘சி. கண்ணன்’ என்றால் சி. அப்பா பெயரின் முதலெழுத்து. ஆங்கிலக் கட்டுரை என்றால் கண்ணனை முதல் கட்டத்திலும் முதலெழுத்தை இரண்டாவதிலும் போட்டால் ஒழுங்காக வரும். தமிழ் எழுத்தில் போடும்போது மேலைநாட்டுப் பெயரை மனதில் வைத்துச் செய்த மேற்கோள் நடைகள் (ஸ்டைல்) நமக்கு வேண்டிய மாதிரி அச்சிடும் என்று நம்பிவிட வேண்டாம். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு பட்டன் இரண்டையும் ஒரே கட்டமாக்கும். அதில் ‘கண்ணன், சி.’ என்று அடித்தால் அடித்தபடியே வரும், பட்டியலும் க-வில் அடுக்கும். ஆனால் கட்டுரைக்குள் அடைப்புக்குறியிலும் முதலெழுத்தோடு முழுதாக வந்து நிற்கும். துறை அதை ஒத்துக்கொள்ளுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐந்து நூலை ஏற்றி, ஒரு பக்கம் அச்செடுத்துக் கைடிடம் காட்டிவிட்டு மீதி 200-ஐ ஏற்றுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, டிடிபி எழுத்துரு. பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்துச் செய்த பிடிஎஃபில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கோடிட்டால், குறிப்பில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று விழும். மென்பொருள்மேல் குற்றமில்லை, அந்தக் கோப்புக்குள் இருப்பதே அதுதான். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். வெறும் படமாக ஸ்கேன் ஆன நூலில் எழுத்தைக் கோடிடவே முடியாது. அங்கே பெட்டி போட்டுப் பகுதியை வெட்டும் கருவியைப் பயன்படுத்தி, வரியைக் கையால் எழுதுவதுதான்.

நான்காவது, மூன்று மொழிப் பட்டியல். பல துறைகள் தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள், மலையாள நூல்கள் என்று தனித்தனியாகக் கேட்கின்றன. வேர்டுக்குள் ஜோட்டெரோ ஒரே பட்டியலைத்தான் தரும். ஒவ்வொரு பதிவுக்கும் மொழியின் பெயரை டேக் ஆகப் போட்டு வைத்தால் கடைசியில் டேக் வாரியாகத் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கித் தனித்தனிப் பட்டியலாக எடுத்து ஒட்டலாம். இது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, அதனால் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். டேக் என்றதும் இன்னொன்று: வெறும் ‘சித்தூர்’ என்று போடாதீர்கள். ஆந்திரத்துச் சித்தூரும் பாலக்காட்டுச் சித்தூரும் ஒரே தேடலில் கலந்து வந்து நிற்கும்.

ஆண்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். மேலே சொன்ன ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-இல், ஆனால் 1958 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. ஒரு இடத்தில் 1958, இன்னொரு இடத்தில் 1970 என்று ஏற்றினால், இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் வசதி அதைக் காட்டாது, ஆண்டு வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போனால் அது வேறு நூல் என்று விட்டுவிடும். பட்டியலில் ஒரே ஒப்பந்தம் இரண்டு முறை வரும். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலிருந்து எடுக்கிற ஆய்வேடுகளிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. அங்கே அத்தியாயத்துக்கு ஒரு பிடிஎஃப் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆய்வேடு என்ற வகையில் ஒரே பதிவு போட்டு, எல்லாப் பிடிஎஃபையும் அதன் கீழே இணைத்துவிடுங்கள்.

கேரளப் பள்ளிகளில் லினக்ஸில் பழகி வந்தவர்கள் லிப்ரே ஆபீஸில் எழுதுவது வழக்கம். அதற்கும் செருகி (பிளக்-இன்) இருக்கிறது, ஒழுங்காக வேலை செய்கிறது. வீட்டில் லிப்ரே ஆபீஸ், கடையில் வேர்டு என்று போகும்போதுதான் இணைப்புகள் அறுந்துபோகின்றன. கோப்பை அப்படியே டாக்எக்ஸாகச் சேமித்துக் கொண்டுபோகாமல், ஜோட்டெரோவின் ஆவண அமைப்பில் வேறு எழுதும் மென்பொருளுக்கு மாற்றும் பட்டனை அழுத்திவிட்டுச் சேமியுங்கள். இதே மாதிரி மென்பொருளான மெண்டலி 2 ஜிபி இலவசமாகத் தருகிறது என்று அங்கே போகிறவர்கள், அதன் புதிய செருகி வேர்டுக்கு மட்டும்தான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

300 எம்பி என்பது ஸ்கேன் நூல் நாலைந்து சேர்ந்தாலே தீர்ந்துவிடும். ஆன்லைன் சேமிப்போடு ஒத்திசைக்கும் சிங்க் அமைப்பில் கோப்புகளை அனுப்புவதை நிறுத்திவிட்டு, பதிவும் குறிப்பும் மட்டும் போக விடலாம். அவை இந்த அளவில் சேராது. பிடிஎஃப் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். வாரம் ஒருமுறை ஜோட்டெரோவை மூடிவிட்டு, அதன் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். ஆனால் அந்த ஃபோல்டரையே கூகுள் டிரைவுக்குள்ளோ ஒன்டிரைவுக்குள்ளோ வைத்து ஓட்டாதீர்கள், தரவுத்தளம் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண் கேட்டால்: அத்தியாயத் திட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை, ஆங்கில மேற்கோளுக்கு ஐந்து, தமிழ்ப் பட்டியலுக்கு இரண்டரை. சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம்தான் என்றால் இதைத் தொடவே வேண்டாம், கையாலேயே பட்டியல் அடித்துவிடுங்கள். நாலு மாதத்துக்கு மேல் இருந்தால் இன்றே ஏற்றலாம். அச்சுக்குப் போகிற நாளில் கோப்பை இரண்டாக நகலெடுத்து, ஒன்றில் மட்டும் மேற்கோள் இணைப்புகளைத் துண்டித்துச் சாதாரண எழுத்தாக்குங்கள். தமிழ் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் வந்து நிற்கும் ‘எட் அல்’, ‘பிபி’ போன்றவற்றை அந்த நகலில் ‘மற்றும் பலர்’, ‘பக்.’ என்று திருத்தி டிடிபி கடைக்குக் கொடுங்கள். துண்டிக்காத நகலை அழித்துவிட வேண்டாம், வைவாவில் திருத்தம் சொன்னால் அதில்தான் வேலை செய்தாக வேண்டும்.