91 வயது பாட்டியும் நினைவாற்றல் பரிசோதனையும்

மறதி கூடுகிறதே என்று பாட்டியை ஒரு நினைவாற்றல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அப்புறம் 30 மதிப்பெண் சோதனை.

ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினாரே, அதற்காகவே போகலாம். மூளையின் இரண்டு பக்கமும் கடல்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸைக் காட்டினார். புது நினைவுகள் பதிய அதுதான் முக்கியம். பாட்டிக்கு அது சுருங்கியிருந்தது. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "இந்த வயதில் கொஞ்சம் சுருக்கம் எல்லோருக்கும் இருக்கும். படத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட மாட்டோம்" என்றார். பாதி உயிர் வந்தது.

சோதனை எடுத்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து சொற்களைக் கடகடவென்று சொன்னார்கள். பாட்டிக்குக் காது மந்தம். காதில் விழாத சொல்லை ஐந்து நிமிடம் கழித்து எப்படித் திருப்பிச் சொல்வார்? காது மெஷினை மாட்டிவிட்டு, வேறு சொற்களை வைத்து மறுபடி கேட்கச் சொன்னேன். நான்கு சொன்னார். கடிகாரம் வரையும்போது கை நடுங்கியது, ஆனாலும் 11.10-க்கு முட்களைச் சரியாகப் போட்டார்.

போகிறவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.