நாள் சம்பளமா, மொத்தப் பேச்சா? கடலோர வீட்டு மராமத்துக்கு ஆள் வைப்பது

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் மராமத்துக்கு ஆள் தேடும்போது வரும் குழப்பம் இதுதான்: நாள் கூலிக்கு வைப்பதா, முழு வேலைக்கும் ஒரே தொகை (மொத்தம்) பேசுவதா?

செலவு
நாள் சம்பளம்: வேலை இழுத்தால் கொத்தனார், கையாள் இருவர் கூலியும் ஏறிக்கொண்டே போகும்.
மொத்தம்: தொகை முன்பே தெரியும். சாமான் யார் பொறுப்பு என்று எழுதி வாங்காவிட்டால் தகராறு நிச்சயம்.

நீடிப்பு
இங்கேதான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங் காரையைத் தள்ளிவிடும். அதைச் சரிசெய்ய, கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, பிறகு 1:3 கலவை (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்) பூச வேண்டும். கலவைக்கும், 7 நாள் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். உவர் போர் தண்ணீர் ஊற்றினால் துரு மறுபடி தொடங்கும்.
மொத்தம்: சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் துருவின் மேலேயே பூசிவிடுவார்கள். வெளியே தெரியாது.
நாள் சம்பளம்: நிதானமாகச் செய்வார்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால்.

மேற்பார்வை
வெளியூரில் இருப்பவர்களுக்கு மொத்தம்தான் வசதி. கொத்தி முடித்ததும், பிரைமர் காய்ந்ததும் போட்டோ வாங்குங்கள். பார்க்காமல் பூச்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எதற்கு எது?
பெயின்ட், குழாய் மாற்றுவது, கதவுக் கீல்: மொத்தம். கீல் பித்தளையோ, உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டீலோ என்று பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.
சீலிங், உப்புப் பூத்த சுவர்: நாள் சம்பளம்.
மாடி ஒழுகல்: மொத்தம், ஐப்பசி மழைக்கு முன்பே. கடைசித் தவணையை முதல் பெருமழை முடிந்து கொடுங்கள்.