சோளனில் புழு: யாரிடம் கேட்பது?

திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், இளக்கந்தை, நல்லூர் பக்கம் வாழும் பூர்வகுடிகளுக்கு மீனும் தேனும் ஒரு பிழைப்பு, காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனை இன்னொன்று. ஒருநாள் காலையில் அங்கே சோளன் (மக்காச்சோளம்) குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கிறது என்று வையுங்கள். 2018இல் இலங்கைக்குள் வந்த படைப்புழுதான். அன்றைக்கு யாரிடம் போவது?

விவசாயப் போதனாசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் ஒருவருக்குப் பல ஊர். கமநல சேவை நிலையத்தில் கூட்டம் பெரும்போகத்துக்கு, அதாவது மாரிமழைப் பயிர்ச்செய்கைக்கு, முன்பு முடிந்துவிடும். புழு அதற்குப் பிறகுதான் வரும்.

1920க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தாரிடம் தமிழிலேயே பேசலாம். புழுவின் முகத்தில் கவட்டைத் தடியைக் கவிழ்த்த மாதிரி வெளிறிய கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. இவற்றைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. சிக்னல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

யூடியூபில் தமிழ் தாராளம், அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைக் கேட்டு இங்கே ஆடியில் விதைத்தால் கோழிதான் கொழுக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்.

பூச்சிமருந்துக்கடைதான் உண்மையான போட்டியாளர். எப்போதும் திறந்திருக்கும், கடனும் தரும். அறுவடைக்குப் பிறகு காசு என்றால் புத்திமதியையும் அங்கேதானே வாங்குவோம்? கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. போத்தலை விற்பது அவர் தொழில். ஆனால் எப்போது அடிப்பது என்பதைப் போத்தலோடு கட்டிக் கொடுப்பது குறைவு. பகலில் புழு குருத்துக்குள் பதுங்கிவிடும். உச்சி வெயிலில் அடித்தால் மருந்துக்கும் நட்டம், அடிக்கிறவன் உடம்புக்கும் நட்டம். அதிகாலை அல்லது பொழுது சாயும் நேரம்தான் சரி.

என்னைக் கேட்டால் பக்கத்துச் சேனைதான். இலையில் முட்டைக் குவியலைக் கண்டதும் நசுக்குவது, குருத்தில் மணலோ சாம்பலோ போடுவது எல்லாம் கண்ணால் பார்த்தால் ஒரு நாளில் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிழையும் அப்படியேதான் பரவும். அதனால் போதனாசிரியர் போகத்தில் ஒரு தடவை வந்தாலும், கூட்ட மண்டபத்தை விட்டு அந்தச் சேனையில் நின்று பேச வேண்டும். அதுவும் பெண்கள் களை பிடுங்கும் நேரத்தில் வந்தால் நல்லது. கூட்டத்துக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள். குருத்தை முதலில் பார்ப்பது அவர்கள் அல்ல.