மலிவு விலை நாய்த்தீனி: மூன்று மாதம் போட்டுப் பார்த்தேன்

எங்கள் மணி நாட்டு நாய், நாலு வயது, பதினாறு கிலோ. முதலில் கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரும் தீனியைத்தான் வாங்கினேன். தப்பு. காற்றுப் பட்டுக் கொழுப்பு கெட்டு, சிக்கு வாடை அடித்தது. தட்டை முகர்ந்துவிட்டு மணி வாசற்படியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பார்வை இன்னும் மனசை அறுக்கிறது.

பிறகு, கிட்டத்தட்ட அதே விலையில் முத்திரையிட்ட மூன்று கிலோ பை. வளர்ந்த நாய்க்கு முழுமையான உணவு, புரதம் 20% என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் விலங்குத் தீனிக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுகோல், ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18%, குட்டிக்கு 22.5% கேட்கிறது. சேர்மானப் பட்டியலில் முதலில் சோளம், அப்புறம்தான் கோழி. பரவாயில்லை, வெந்த மாவுச்சத்து நாய்க்குச் செரிக்கும். முன்பு போட்ட வெறும் பால்சோற்றுக்கு இது எவ்வளவோ மேல்.

முன்பு போட்ட சாப்பாட்டோடு கலந்து, பத்து நாளில் மாற்றினேன். வயிறு கெடவில்லை, எடையும் குறையவில்லை. மலம் மட்டும் முன்னைவிட அதிகம். வாரம் இரண்டு அவித்த முட்டை சேர்க்கிறேன். குட்டி வளர்ப்பவர்கள் இதை வாங்காதீர்கள், குட்டிகளுக்கென்று இருப்பதைத் தேடுங்கள். பையைப் பிரித்ததும் தீனியைப் பையோடு அப்படியே மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.