இலிசரோவ் ரிங்: போட்டுக் கழற்றியவன் சொல்வது

நண்பர் ஒருவரின் மச்சானுக்குக் காலில் இலிசரோவ் ரிங் போடச் சொல்லியிருக்கிறார்களாம். காலைச் சுற்றி உலோக வளையங்களை மாட்டி, தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகளால் எலும்பைப் பிடித்து நிறுத்தும் சட்டம் அது. "நீங்க போட்டவர்தானே, எப்படி இருக்கும்?" என்று வாய்ஸ் மெசேஜ். எலும்பு எப்படி வளரும் என்பதை டாக்டரே படம் போட்டுக் காட்டியிருப்பார். நான் பேச வருவது ஓட்டைகளைப் பற்றி.

கம்பி தோலுக்குள் நுழைகிற ஓட்டைகள். கம்பி என்னவோ 1.8 மி.மீ. தடிமன்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அத்தனை ஓட்டையையும் சலைனில் (உப்பு நீரில்) நனைத்த காஸ் துணியால் துடைத்து, காய்ந்த பொருக்கை எடுத்து, புது காஸ் சுற்ற வேண்டும். ஒழுங்காகச் செய்தாலும் ஏதாவது ஒன்று கசியும். முன்னெலும்புப் பக்கம் தோல் ஒட்டினாற்போல் இருப்பதால் அங்கே தொல்லை குறைவு. கெண்டைச்சதைப் பக்கம்தான் வில்லங்கம். நடக்கும்போது சதை அசைய, ஓட்டை சிவந்து சூடாகி, தொட்டால் உயிர் போகும். ஆன்டிபயாட்டிக் போட்டால் அடங்கும். பிறகு பக்கத்து ஓட்டை ஆரம்பிக்கும். கேட்டால் "இது சகஜம்" என்பார்கள். சகஜமானதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்வதில் என்ன கஷ்டமோ!

சரி, நியாயமாகவும் பேசுவோம். பைக் விபத்தில் உடைந்த கால் என்னுடையது. முதலில் எலும்பில் வைத்த உலோக பிளேட்டில் சீழ் பிடித்து, கெட்ட எலும்பை வெட்டி எடுத்ததில் நடுவில் இடைவெளி. முழங்காலுக்குக் கீழே நல்ல எலும்பில் ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டை இடைவெளியை நோக்கி நாளுக்கு 1 மி.மீ. வீதம் கீழே நகர்த்தினார்கள். அது விட்டுவிட்டு வந்த இடத்தில் புது எலும்பு உருவாகிறது. அதற்கு ரிங்கில் உள்ள நட்டைத் திருப்புவது நம் வேலை: நாளுக்கு நான்கு தடவை, தடவைக்கு கால் மி.மீ. பத்தாம் நம்பர் ஸ்பேனர், பைக் டூல்கிட்டில் கிடக்கும் அதே அளவு! சைபீரியாவின் குர்கன் ஊரில் இலிசரோவ் என்ற சோவியத் டாக்டர் 1950-களில் உருவாக்கிய முறை இது. 1980-ல் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி அங்கே போய்க் காலைச் சரிசெய்துகொண்டு திரும்பிய பிறகுதான் மேற்கத்திய டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம், ரிங்கோடேயே காலை ஊன்றி நடக்கலாம் என்பது. ஊன்றினால்தான் எலும்பு கெட்டியாகும் என்று பிசியோ அக்கா விரட்டுவார். படுக்கையோடு கிடக்கப்போகிறோம் என்று பயந்தவன், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போனேன். பேன்ட் ஏறாது, லுங்கிதான் கதி. ராத்திரி போர்வை கம்பி முனையில் சிக்கும்.

இழுத்து முடித்ததும் கழற்றிவிடுவார்கள் என்று மச்சான் கணக்குப் போட வேண்டாம். ஒரு செ.மீ. புது எலும்பு கெட்டியாக ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும். அதுவரை பாதம் கீழ்நோக்கி மடங்கிவிடாமல் ஸ்ட்ராப் போட்டு இழுத்துக் கட்டவேண்டும். நகர்த்திய துண்டு போய்ச் சேர்ந்த இடமும் எனக்கு லேசில் ஒட்டவில்லை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தார்கள்.

இன்றைக்குச் சீழ் இல்லை, இரண்டு காலும் ஒரே நீளம். எடுத்துவிடலாமா என்று பேசிய கால் இது. இருந்தும் இன்னொரு தடவை போடுவாயா என்று கேட்டால், சத்தியமாக மாட்டேன்.

மச்சான் போட்டுக்கொள்ளட்டும். தினமும் டிரெஸ்ஸிங் செய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதே பேசி முடிவுசெய்யச் சொல்லுங்கள்.