பலாலி வீதியில் பயண நேரம் அளக்க: புளூடூத்தா, வைஃபையா?

யாழ்ப்பாணத்தின் கந்தர்மடம் சந்தியில், ஃபோன் போன்ற சாதனங்களின் சிக்னலைப் பிடிக்கும் ஒரு கருவி, திருநெல்வேலிச் சந்தியில் இன்னொன்று. ஒரே சாதனத்தின் முகவரி (சிக்னலோடு அது அனுப்பும் அடையாள எண்) இரண்டிலும் பதிவானால், இடைப்பட்ட நேரமே பயண நேரம். இரண்டு முறைக்கும் அடிப்படை இதுதான்.

செலவு: பெரிய வித்தியாசமில்லை. சிறு கணினியும் அன்டெனாவும் போதும்.

பிடிபடுபவை:
புளூடூத் – குறைவு. பெரும்பாலும் கார், வான்களில் உள்ளவை.
வைஃபை – நிறைய. மோட்டார் சைக்கிளில் போகிறவரின் ஃபோனும் அகப்படும். நடந்து போகிறவர், ஒரே பஸ்ஸின் பயணிகள் எல்லாருடையதும் சேர்ந்தே வரும். வடிகட்டுவது பெரிய வேலை.

நம்பகம்: வைஃபை சறுக்குவது இங்கேதான். 2014இல் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வந்ததிலிருந்து ஐஃபோன்கள் வலையமைப்பைத் தேடும்போது போலி முகவரி காட்டத் தொடங்கின. பின்னர் ஆண்ட்ராய்டும் அதே வழிக்கு வந்தது. ஒரே ஃபோன் இரு சந்திகளிலும் வெவ்வேறு சாதனமாகத் தெரியலாம். கார் ஒலிக்கருவியின் 48 பிட் புளூடூத் முகவரி பொதுவாக மாறாது.

துல்லியம்: புளூடூத்தின் ஒரு தேடல் சுற்றுக்கே 10.24 விநாடி போகும். கிட்டக் கிட்ட உள்ள சந்திகளுக்கு அது பெரிய பிழை.

கார், வான்களின் தாமதம் அறிய புளூடூத்தையே வைப்பேன். ஆனால் இடுக்கில் புகுந்து முந்தும் மோட்டார் சைக்கிள்களின் நேரத்தை அது சொல்லாது. நல்லூர்த் திருவிழா நாட்களில் கூட்டம் எங்கே திரள்கிறது என்று பார்க்க மட்டும் வைஃபை. எதுவானாலும் முகவரிகளை மறைகுறியாக்கியே சேமிக்க வேண்டும்.